விலக்குப் பட்டியல்

காலை எட்டரை மணிக்கு வந்த அறிக்கையில் எட்டு புள்ளி இரண்டு என்று இருந்தது. டாக்டர் வசுமதி அதை மூன்று முறை படித்தாள். எத்தனை முறை படித்தாலும் எண் மாறப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும், மனசு கேட்கவில்லை. பிறந்த அன்று அந்தக் குழந்தைக்கு ஹீமோகுளோபின் பதினேழு கிராம் இருந்தது. நான்கே நாளில் பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தது. வெளியே ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை. உடம்புக்குள்ளேயே சிவப்பணுக்கள் உடைந்துகொண்டிருந்தன.

"மேடம், இதையும் பாத்திடுங்க" என்று நர்ஸ் ஜெயசீலி ஒரு துணியை நீட்டினாள். குழந்தை சிறுநீர் கழித்த துணி. கடுங்காப்பியைக் கொட்டினாற்போல இருந்தது.

"எப்பலேர்ந்து இப்படி?"

"விடியக்காலைல அஞ்சு மணிலேர்ந்து மேடம். மஞ்சள் அளவும் ஏறிட்டே இருக்கு. இப்ப இருபத்தொண்ணு. மணிக்கு ஒண்ணு ஏறுது."

உடைந்த அணுக்களிலிருந்து வரும் மஞ்சள் நிறமி இருபத்தைந்தைத் தாண்டினால் மூளையில் போய்ப் படியும். படிந்த பிறகு அதை எந்த மருந்தாலும் எடுக்க முடியாது. நாலு மணி நேரம் இருந்தது. கண்ணாடித் தொட்டிலில் நீல விளக்குக்குக் கீழே, கண்ணைக் கட்டிய நிலையில் படுத்திருந்த அந்தப் பையன் அழக்கூடத் தெம்பில்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடினான்.

தொட்டிலின் ஓட்டை வழியாகக் கையை விட்டு அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள் நாகவல்லி. பெற்றவள். கேள்வி எதுவும் கேட்கவில்லை. கேள்வி கேட்கிற பெண்களைச் சமாளித்துவிடலாம், பேசாமல் பார்க்கிறவர்களைத்தான் வசுமதிக்குச் சமாளிக்கத் தெரியாது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் வந்த மலேரியாவை வடசென்னைக் குப்பங்களில் இன்னும் புதுக்காய்ச்சல் என்றுதான் சொல்கிறார்கள். எந்த மருந்துக்கும் அது மசியவில்லை. அரசாங்கம் கமிட்டி போட்டது, கமிட்டி துணைக் கமிட்டி போட்டது, கொசு தன் பாட்டுக்குக் கடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மழைக்கும் பிறகு நாலு வயதுக்குக் கீழே இருந்த பிள்ளைகள் கொத்துக் கொத்தாகப் போனார்கள். நாகவல்லியின் மூத்த பெண் அப்படித்தான் போனாள். மூன்று வயது. காலையில் காய்ச்சல், மறுநாள் சாயங்காலம் இல்லை.

அதற்குப் பிறகுதான் காப்புத் திட்டம் வந்தது. யோசனை வசுமதியுடையது. கருவுக்கு நாலாம் மாதத்தில் ஒரு ஊசி, பிறக்கிற பிள்ளையின் ரத்தத்தில் காய்ச்சல் கிருமி குடியிருக்கவே முடியாது. நாற்பத்திரண்டு தாய்மார்கள் ஊசி போட்டுக்கொண்டார்கள். முதலில் பிறந்தவன் இவன். காசிமேட்டில் துறைமுகத்தை ஒட்டி இதற்கென்றே கட்டிய ஆஸ்பத்திரியில் அவன் பிறந்த அன்று எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். நாலு நாள்தான் ஆகியிருந்தது.

வராந்தாவில் குழந்தையின் அப்பா எட்டியப்பன் காத்திருந்தான். விசைப்படகில் போகிறவன், ஆள் வாட்டசாட்டம். இன்றைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் அவனுடைய அக்கா தேசம்மா.

"இன்னாம்மா ஆச்சு? முந்தாநேத்து வரைக்கும் நல்லா பால் குடிச்சானே?"

"ரத்தம் உடையுது எட்டியப்பன். ஏன்னு இன்னும் தெரியல."

"ரத்தத்துல நீங்க இன்னாதான் பண்ணீங்க? ஊசி போடறப்ப சொன்னீங்க. அப்ப பொண்ணு போன துக்கத்துல எனக்கு ஒண்ணும் காதுல ஏறல. இப்ப சொல்லுங்க."

நேரமில்லை என்று சொல்லியிருக்கலாம். அவன் முகத்தைப் பார்த்தபோது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

"ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஆயிரக்கணக்குல என்சைம் இருக்கும். வேலைக்காரங்கன்னு வெச்சுக்கங்க. ஆளுக்கு ஒரு வேலை. சிவப்பணுக்குள்ள ஒருத்தன் இருக்கான், அவன் வேலை துரு துடைக்கிறது. நாம இழுக்கிற காத்தே அணுவை அரிக்கும். அவன் துடைச்சிட்டே இருக்கறதாலதான் அணு நாலு மாசம் தாங்குது."

"போட்டுக்கு வருசா வருசம் பெயின்ட் அடிக்கறோமே, அந்த மாதிரி."

"அதேதான். காய்ச்சல் கிருமி அந்த அணுக்குள்ள பூந்துதான் பெருகும். அணு நல்லா இருந்தாதான் அதுக்கும் பொழப்பு. நாங்க அந்த வேலைக்காரனை பத்துல ஒரு பங்கா குறைச்சிட்டோம். கிருமி நுழைஞ்சா அணு தாங்காது, உடனே உடைஞ்சிடும். கிருமியும் கூடவே செத்துடும்."

எட்டியப்பன் சுவரை விட்டு நிமிர்ந்தான். "அப்ப வேற இன்னா உள்ள பூந்தாலும் உடையுமே?"

திட்டத்தை மேற்பார்க்க ஏழு விஞ்ஞானிகள் உட்கார்ந்த குழு இந்தக் கேள்வியை மூன்றாவது கூட்டத்தில்தான் கேட்டது.

"அதுக்குத்தான் உங்களுக்குப் பட்டியல் குடுத்தோம்."

விலக்குப் பட்டியல். நூற்றுப் பன்னிரண்டு பொருள்கள், ஒவ்வொன்றுக்கும் படம். சில மாத்திரைகள், சில சாயங்கள், மொச்சையில் ஒரு வகை, மருதாணி, அந்துருண்டை என்று எல்லாம் சாதாரணமாகப் புழங்குகிற சாமான்கள். இவற்றிலிருந்து ஏறுகிற துருவை மற்றவர்களின் ரத்தம் துடைத்துப்போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். இந்தப் பிள்ளைகளின் ரத்தத்துக்கு அது முடியாது. பட்டியலின் ஒவ்வொரு வரியையும் எழுதியவள் வசுமதிதான். குப்பத்துக்கே போய் உட்கார்ந்து படித்தும் காட்டியிருந்தாள்.

"ரெண்டுல ஒண்ணுதான் நடந்திருக்கணும்" என்றாள். "பட்டியல்ல இருக்கற எதுவோ அவன் மேல பட்டிருக்கணும். இல்லன்னா எங்க ஊசி ரத்தத்தோட நிக்காம ஈரலுக்கும் போயிருக்கணும். ஈரல் கெட்டிருந்தா ரத்தத்தை மாத்தியும் பிரயோஜனம் இல்ல. மாத்தறதுக்கு என்கிட்ட இருக்கறது ரெண்டே பை. ஒரு தடவைக்குத்தான் வரும்."

புதுக்காய்ச்சல் வந்ததிலிருந்து நகரத்தில் யார் ரத்தத்தையும் நம்ப முடியாது. சோதித்துச் சுத்தம் என்று முத்திரை குத்த மூன்று நாள் ஆகும். இவனுக்கு நாலு மணி நேரம்தான் இருந்தது. காரணம் தெரியாமல் மாற்றினால், உள்ளே போகிற விஷம் போய்க்கொண்டே இருந்தால், இருக்கிற இரண்டு பையும் வீண்.

"லிஸ்ட்டுல இருக்கறது ஒண்ணுகூட எங்க வூட்ல கெடையாது" என்று எட்டியப்பன் தலையில் அடித்துக்கொண்டான். "பக்கத்து மூணு வூட்லகூட அந்துருண்டை, அது இதுன்னு இருந்ததெல்லாம் நானே கேட்டு வாங்கி வாரி எறிஞ்சேன். பைத்தியக்காரன்னு சிரிச்சாங்க. எங்க அம்மா மேல சத்தியமாம்மா."

"நம்பறேன். எதுக்கும் இன்னொரு தடவை யோசிச்சுப் பாருங்க."

"அவன மாடிக்கு இட்டுக்கினு போயிடுவீங்களா?"

மாடியில் இருந்தது காப்பில்லம். பட்டியலைக் கடைப்பிடிக்க வக்கில்லாத குடும்பம் என்று குழு தீர்மானித்தால், பிள்ளையை ஐந்து வயதுவரை அங்கே வைத்துக்கொள்ளும். வடிகட்டிய காற்று, சோதித்த துணி, சோதித்த சாப்பாடு. பெற்றவர்கள் வாரம் ஒரு நாள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம். ஒப்பந்தத்தில் அந்த விதியைச் சேர்த்தபோது யாரும் பயன்படுத்தப்போவதில்லை என்றுதான் வசுமதியும் நினைத்திருந்தாள்.

குழந்தையின் சிறுநீரில் சில சொட்டு எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடினாள். உடம்பு எதைத் தின்றாலும், எதை முகர்ந்தாலும் அதைத் துண்டு துண்டாக்கித்தான் வெளியே தள்ளும். அந்தத் துண்டுகளை வைத்து உள்ளே போனது என்ன என்று இயந்திரம் சொல்லிவிடும். ஆனால் நூற்றுப் பன்னிரண்டையும் தேடிப் பார்க்க அதற்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். குறுக்கு வழி கிடையாது. அவள் எதிரே உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள்.

பாதியில் சிவப்பிரகாசம் உள்ளே வந்தார். திட்டத்தின் இயக்குநர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. எதையும் ஒரு படிவத்தில் அடக்கிவிட்டால் தூங்கப் போய்விடுகிற மனிதர்.

"நாலு மணிக்குக் குழு கூடுது வசுமதி. இன்னும் நாப்பத்தோரு பேர் வயித்துல சுமந்துட்டிருக்காங்க. ஊசிலதான் கோளாறுன்னா அவங்களுக்கு நான் என்ன சொல்லட்டும்?"

"முதல்ல இந்தப் பையன் பொழைக்கட்டும் சார்."

"இவனுக்காகத்தான் நானும் கேக்கறேன்" என்றார். உண்மையாகவே சொன்னார்.

பத்து ஐம்பதுக்குத் திரையில் கோடு எழுந்தது. நாப்தால். நாப்தலீன் உடம்புக்குள் போனால் கடைசியில் இப்படித்தான் வெளியே வரும். பட்டியலில் மூன்றாவது பொருள். அந்துருண்டை.

வசுமதிக்கு முதலில் வந்தது நிம்மதி. ஊசியில் கோளாறு இல்லை; ரத்தத்தை மாற்றலாம், பையன் பிழைத்துக்கொள்வான். அடுத்த நொடி வந்தது கோபம். படித்துப் படித்துச் சொன்னோமே! படம் போட்டுக் காட்டினோமே! படியில் இறங்கும்போதே அந்தக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"அந்துருண்டை!" என்று வார்டுக்குள் நுழைந்ததும் கத்தினாள். "யார் கொண்டு வந்தது? வீட்டுல இல்ல, வீட்டுல இல்லன்னு சத்தியம் பண்ணீங்களே! நாலு நாளா அவன் தோல் வழியா, மூச்சு வழியா போயிட்டிருக்கு. எதுல சுத்தி வெச்சிருந்தீங்க? சொல்லுங்க, நேரம் இல்ல!"

எட்டியப்பன் திருதிருவென்று விழித்தான். நாகவல்லி தொட்டிலிலிருந்து கையை எடுக்காமல் நாத்தனாரைப் பார்த்தாள். தேசம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. மெதுவாக வந்து, தொட்டிலின் பக்கக் கதவைத் திறந்து, ஆஸ்பத்திரி விரிப்புக்கு அடியில் கையை விட்டு ஒரு துணியை உருவினாள். மெத்தென்று பழசாகிப்போன நூல் புடவைத் துண்டு. அரக்கு நிறத்தில் மஞ்சள் கட்டம்.

"இதான்மா கீது. வேற ஒண்ணும் இல்ல" என்றாள். "உங்க பொடவதான்."

வசுமதிக்கு அந்தக் கட்டம் அடையாளம் தெரிந்தது.

பிறந்த பிள்ளைக்கு முதன்முதலில் புதுத்துணி போட மாட்டார்கள். நன்றாக வாழ்கிறவர்கள் உடுத்திய பழைய துணியில்தான் சுற்றுவார்கள், அவர்களுடைய ராசி பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் என்று. நாகவல்லிக்கு வளைகாப்பு நடந்த வாரம் தேசம்மா இரண்டு பஸ் மாறி வசுமதியின் வீட்டுக்கு வந்திருந்தாள். இந்தப் பிள்ளையே நீங்கள் கொடுத்தது, உங்கள் கைராசிதான் அவனுக்கு வேண்டும், ஒரு பழைய புடவை கொடுங்கள் என்று கேட்டாள். வசுமதி அவசரமாக எங்கோ கிளம்பிக்கொண்டிருந்தாள். பீரோவின் அடித்தட்டில் மேலாக இருந்ததை எடுத்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தாள். உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த அடித்தட்டில் வருஷா வருஷம் பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது அவளே தன் கையால் அந்துருண்டை போடுவாள். பட்டியல் எழுதிய வருஷமும் போட்டாள். பட்டியல் என்பது குப்பத்து வீடுகளுக்கு என்றே அவள் மனதில் இருந்திருக்கிறது. தன் வீட்டு பீரோவுக்கும் அதற்கும் முடிச்சுப் போட அவளுக்குத் தோன்றவில்லை.

"தொவைக்கலயா?" என்றாள்.

"தொவைச்சா ராசி பூடும்னு அப்டியே கிழிச்சு சுத்துனோம்."

"வாசனை... வாசனை தெரியலயா?"

"தெரிஞ்சிதும்மா. அந்துருண்ட வாசனதான். ஆனா நீங்க குடுத்ததாச்சே! லிஸ்ட்டு எழுதுனவங்களுக்குத் தெரியாதா, இது ஒண்ணும் பண்ணாதுன்னு தெரிஞ்சிதான் குடுத்திருப்பாங்கன்னு வுட்டுட்டேன்."

ஜெயசீலி தலையைக் குனிந்துகொண்டாள். "வெளித்துணி கூடாதுன்னு நான் எடுக்கச் சொன்னேன் மேடம். உங்க புடவைன்னாங்க. அதான் விரிப்புக்கு அடியில இருக்கட்டும்னு விட்டுட்டேன். இந்த பினாயில் நாத்தத்துல எனக்கும் வேற ஒண்ணும் தெரியல."

நாகவல்லி அப்போதுதான் முதன்முதலாக வாயைத் திறந்தாள். "உங்க பீரோல இருந்ததாம்மா?"

"ஆமா."

"ஓ" என்று மட்டும் சொன்னாள்.

காலில் விழுவதற்கும் அழுவதற்கும் அப்போது நேரமில்லை. துணியை மூட்டை கட்டி வெளியே அனுப்பினார்கள். குழந்தையை வெந்நீரில் துடைத்தார்கள், தொட்டிலை மாற்றினார்கள். பதினொன்றேகாலுக்கு மஞ்சள் அளவு இருபத்து மூன்று புள்ளி எட்டு. வசுமதி கையுறை மாட்டிக்கொண்டாள்.

தொப்புள் நரம்பு வழியாக மெல்லிய குழாய். பத்து மில்லி வெளியே எடுக்க வேண்டும், பத்து மில்லி உள்ளே விட வேண்டும். அவசரப்பட்டால் அந்தக் குருவி இதயம் நின்றுவிடும், தாமதித்தால் மஞ்சள் முந்திக்கொள்ளும். ஜெயசீலி எண்ணிச் சொன்னாள், வசுமதி எடுத்தாள், விட்டாள். வெளியே வந்த ரத்தம் ரத்தமாகவே இல்லை. பழைய புளித்தண்ணீர் நிறம். இருபத்து நாலாவது முறை குழந்தையின் உதடு நீலம் பாரித்தது. கருவி கூவியது.

"மேடம், துடிப்பு இறங்குது. எண்பது... எழுபது..."

"நிறுத்து. கால்சியம் குடு. மெதுவா."

அறுபத்தைந்து. அறுபத்தைந்து. வசுமதி கடவுளை அதிகம் தொந்தரவு செய்கிறவள் அல்ல. அன்றைக்குத் தெரிந்த பெயர்களையெல்லாம் கூப்பிட்டாள். எழுபது. தொண்ணூறு. நூற்றுப் பத்து. சாண் அளவு உடம்பு ஒருமுறை உதறிக்கொண்டு வீலென்று கத்தியது. அன்றைக்கு அவன் வாய்விட்டு அழுதது அதுதான் முதல் தடவை. எட்டியப்பன் வராந்தாவில் உட்கார்ந்து கேவியது கதவு வழியாகக் கேட்டது.

இரண்டு பையும் தீர்ந்தபோது மணி ஒன்றேகால். மூன்று மணிக்கு எடுத்த அளவில் மஞ்சள் பன்னிரண்டு. சிறுநீர் வெளுத்திருந்தது. பையன் பிழைத்துவிட்டான்.

நாலு மணிக்கு வசுமதி குழுவின் முன்னால் போய் நின்றாள். முகம்கூடக் கழுவியிருக்கவில்லை. நடந்ததைச் சொல்லி முடித்தாள். ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் முகத்தில் தெரிந்தது அதிர்ச்சி அல்ல, நிம்மதி. அது அவளைச் சுருக்கென்று குத்தியது.

"ஆக, ஊசியில குறை இல்ல" என்றார் சிவப்பிரகாசம். "வெளிக்காரணம். நாப்பத்தோரு பேருக்கும் தொடரலாம். பட்டியல்ல நூத்திப் பதிமூணாவதா ஒரு வரி சேத்துடுவோம்: பிறர் உடுத்திய பழைய துணி." பிறகு ஒரு படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். "ஜெயசீலி மத்தியானமே எனக்குச் சொல்லிட்டா. குழந்தையோட அம்மா கையெழுத்தும் வாங்கிட்டேன். நீங்களும் போட்டா முடிஞ்சது."

வசுமதி படித்தாள். காரணம்: குடும்பத்தின் கவனக்குறைவு. கீழே கோணல்மாணலாக நாகவல்லி. இரண்டாவது பக்கத்தில் வழக்கமான விதி: மேற்படிக் குழந்தை ஐந்து வயது நிறையும்வரை காப்பில்லத்தில் பராமரிக்கப்படும்.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "இது பொய் சார். கவனக்குறைவு என்னோடது. என்னைக் காப்பாத்தறதுக்காக ஒரு தாய்கிட்டேர்ந்து பிள்ளையைப் பிடுங்குவீங்களா?"

"உங்களைக் காப்பாத்தறதுக்கு இல்ல. உங்க பேர் வெளிய வந்தா திட்டத்தை யார் நம்புவாங்க? இதுல என் கட்டாயம் எதுவும் இல்ல வசுமதி. நான் படிச்சுக் காட்டினேன். அந்தம்மா என்ன சொன்னாங்கன்னா..."

"அவங்க என்ன சொல்லியிருப்பாங்கன்னு எனக்குத் தெரியும் சார். படிப்பில்லாதவங்க, பயந்தவங்க, நீட்டின எடத்துல போட்டுக் குடுப்பாங்க. தயவுசெஞ்சு அதை எனக்குச் சொல்லாதீங்க."

சிவப்பிரகாசம் ஏதோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டார். வசுமதி பேனாவை எடுத்து 'குடும்பத்தின்' என்ற சொல்லை அடித்தாள். மேலே 'தலைமை ஆய்வாளர் வசுமதியின்' என்று எழுதினாள். இரண்டாவது பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். ஏழு பேரும் ஒவ்வொருவராகக் கையெழுத்திட வேண்டியிருந்தது. மறுக்க அவர்களிடம் காரணம் இல்லை. அவளை ஆறு மாதம் திட்டத்திலிருந்து விலக்கி வைப்பதாகவும் ஒரு வரி எழுதினார்கள். எழுதட்டும். படியிறங்கும்போது அவளுக்கு நெஞ்சு லேசாக இருந்தது. காலையிலிருந்து முதன்முறையாகப் பசித்தது.

வார்டில் சாய்ந்த வெயில் தொட்டில்வரை நீண்டிருந்தது. நீல விளக்கை அணைத்திருந்தார்கள். பையன் தூங்கிக்கொண்டிருந்தான், கன்னத்தில் யாரோ கொடுத்த ரத்தம் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சின்னதாக ஒரு துணி மூட்டை கட்டி வைத்துக்கொண்டு நாகவல்லி உட்கார்ந்திருந்தாள்.

"எப்பம்மா மாடிக்கு இட்டுக்கினு போவாங்க?" என்றாள்.

"மாடிக்கெல்லாம் போக வேணாம்மா. அந்தப் பேப்பரை நான் அடிச்சிட்டேன். தப்பு என்னோடதுன்னு எழுதிக் குடுத்துட்டேன். நாலு நாள் கழிச்சு நீங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போகலாம்."

நாகவல்லி அழுவாள், கையைப் பிடித்துக்கொள்வாள் என்று வசுமதி எதிர்பார்த்திருந்தாள். அவள் எழுந்து நின்றாள்.

"யாரக் கேட்டு அடிச்சீங்க?"

வசுமதிக்குப் புரியவில்லை. "அவர் உங்களை மிரட்டித்தானே..."

"யாரும் மெரட்டல. அவரு படிச்சி காட்டுனாரு. ரெண்டாவது பக்கத்த நான்தான் இன்னொரு வாட்டி படிக்கச் சொன்னேன். அஞ்சி வயசு வரைக்கும் மேல வெச்சிக்குவாங்களான்னு கேட்டேன். ஆமான்னாரு. நிச்சயமான்னு கேட்டேன். அப்புறம்தான் போட்டேன்."

"ஏன்மா? நீங்க ஒரு தப்பும் பண்ணலயே."

"நான் பண்ணல. நீங்க பண்ணீங்க. அதாம்மா விசயம்." அவள் குரல் உயரவில்லை. "நீங்க படிச்சவங்க. அந்த லிஸ்ட்ட எழுதுனவங்க. உங்க பீரோல இருந்ததே உங்களுக்குத் தெரியல. என் வூட்ல நான் பாத்துக்குவேன். பஸ்ஸுல பக்கத்துல வந்து ஒக்கார்றவ பொடவைய யாரு பாப்பா? கல்யாண வூட்ல எவளாவது மருதாணிக் கையோட தூக்கிக் கொஞ்சுவா. தலவலின்னு இஸ்கூல்ல ஒரு மாத்திர குடுப்பாங்க. நான் எத்தினி பேர் பின்னால ஓடுவேன்? பொண்ணக் காய்ச்சலுக்குக் குடுத்தேன். இவன யாரோ ஒருத்தி வூட்டு அலமாரிக்குக் குடுக்கணுமா? மேல இருந்தா வாரத்துக்கு ஒரு நாள் கண்ணாடி வழியாவாச்சும் பாத்துக்கினு இருந்திருப்பேன். உசுரோட."

வசுமதி பக்கத்திலிருந்த கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். சிவப்பிரகாசம் சொல்ல வந்ததும் இதுதான் என்று இப்போது தெரிந்தது. அந்தப் படிவத்தில் ஏழு கையெழுத்து விழுந்துவிட்டது. கவனக்குறைவான குடும்பத்துப் பிள்ளைக்குத்தான் மாடியில் இடம். இவளைப் போலக் கவனமானவளின் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள விதியே கிடையாது.

"நான் திரும்பப் போய்ப் பேசிப் பாக்கறேன்" என்றாள். பேசி ஒன்றும் ஆகாது என்று சொல்லும்போதே தெரிந்தது.

"நல்லது பண்ணணும்னுதான் பண்ணீங்க. அது எனக்குத் தெரியும்" என்றாள் நாகவல்லி. "அன்னிக்கும் நல்லதுக்குத்தான் குடுத்தீங்க."

பேச்சுச் சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டது. முகத்தைச் சுளித்து, பிறகு பசிக்கு அழ ஆரம்பித்தது. நல்ல கணீரென்ற அழுகை. நாகவல்லியின் மார்பில் ரவிக்கை நனைந்தது. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு குனிந்தவள் சட்டென்று நின்றாள். முந்தானையை இழுத்து மூக்கில் வைத்து மோந்து பார்த்தாள். பிறகு தோளை, பிறகு உள்ளங்கையை. குழாயடிக்குப் போய் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள். சோப்பின் உறையை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். திரும்பி வந்து மறுபடியும் கையை மோந்து பார்த்தாள்.

அப்படியும் அவனைத் தூக்கத் துணிவு வரவில்லை. கையை நீட்டுவதும் இழுத்துக்கொள்வதுமாகத் தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். குழந்தை அழுதுகொண்டே இருந்தது.